அம்மாவோட தமிழும் பாப்பாவோட போனும்

ரொம்ப நாளா இந்தக் கடை பூட்டியே கிடந்துச்சு. ஆபீஸ், வீடு, அம்மாவோட மருந்து டப்பான்னு ஓடிக்கிட்டு இருந்ததுல எழுத உட்காரவே முடியல. போன வாரம் ஒரு நண்பர் கேட்டார்: "வயசானவங்களப் பாத்துக்கத்தான் இப்ப ஏகப்பட்ட கருவி வந்துருச்சே, இன்னும் எதுக்கு ஆள் வச்சுக்கிட்டு அல்லாடறீங்க?" கேள்வி நல்ல கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். அங்க சொல்ல முடியல, அதனால இங்க கொசுவத்தி சுத்தறேன் :-)

முதல்ல கொஞ்சம் கணக்கு. 2023 கடைசியில சிங்கப்பூர்ல வீட்டு வேலை பாத்த வெளிநாட்டுப் பணிப்பெண்கள் கிட்டத்தட்ட 2,86,000 பேர். மனிதவள அமைச்சோட கணக்கு இது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மியன்மார், இந்தியா, இலங்கைன்னு பல ஊர்லேர்ந்து வர்றாங்க. இதுல நிறைய பேர் பாக்கறது சமையலோ, குழந்தையோ மட்டும் இல்ல. படுத்த படுக்கையா இருக்கற தாத்தாவைத் திருப்பிப் போடறது, பாட்டிக்கு இன்சுலின் குத்தறது, ராத்திரி மூணு மணிக்குக் கதவைத் திறந்துக்கிட்டு ஊருக்குக் கிளம்பறவங்களக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வர்றது. நர்ஸ் வேலை. ஆனா பேரு மட்டும் வீட்டு வேலை. 2030-ல் சிங்கப்பூர்க் குடிமக்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தர் 65 வயசைத் தாண்டியிருப்பாராம். அப்ப இந்தக் கூட்டம் இன்னும் பெருசாகும்.

எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன். அம்மாவுக்கு 79 வயசு. காரைக்குடிப் பக்கம். அப்பா போனதுக்கப்புறம் எங்களோட வந்துட்டாங்க. சக்கரை வியாதி இருவது வருஷமா இருக்கு, இன்சுலின் உண்டு. கூடவே இப்ப மறதி. சாதாரண மறதி இல்ல, டாக்டர் பேர் வச்ச முதுமை மறதிநோய். தமிழ் தவிர ஒரு மொழி தெரியாது.

2022-ல் எங்க வீட்டுக்கு வந்தவங்க மியன்மார்ப் பொண்ணு. மண்டலே பக்கத்துல ஒரு கிராமம். முப்பத்தி மூணு வயசு. பர்மிய மொழியும் ஓட்டை ஆங்கிலமும் தெரியும். அம்மா அவங்கள முதல் நாளே "பாப்பா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. இந்தப் பதிவுலயும் அதே பேர் இருக்கட்டும். எந்த ஊரும்மான்னு அம்மா கேக்க, நான் பர்மான்னு சொல்ல, "எங்கப்பாரு ரங்கூன்லேர்ந்து நடந்தே வந்தவருல்ல"ன்னு அம்மா ஆரம்பிச்சாங்க. 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப எத்தனையோ தமிழ்க் குடும்பங்க காடு மலை தாண்டி நடந்து வந்த கதைதான். காலைல சாப்பிட்டது மறந்துடும், அந்த நடை மட்டும் மறக்கல. பர்மிய மொழியில அம்மாவுக்கு "அமே". இது ரெண்டு பேருக்கும் ஒத்துப் போச்சு. மத்தது எதுவும் ஒத்துப் போகல.

மொழிபெயர்ப்புச் செயலி ஒண்ணு போட்டுக் கொடுத்தேன். செய்தி வாசிக்கிற மாதிரி தமிழ் பேசினா அது அழகா மாத்துது. ஆனா எங்கம்மா செய்தி வாசிக்க மாட்டாங்களே! "ஒண்ணுக்கு வருது"ன்னு சொன்னா, அது ஒண்ணு ரெண்டு மூணுல இருக்கற ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டு என்னமோ சொல்லும். "கிறுகிறுங்குது"ன்னா முழிக்கும். "வயித்தப் பொரட்டுது", "நெஞ்சு படபடங்குது", "மேலுக்கு நோவு", "கண்ணைக் கட்டிட்டு வருது" எதுவும் தேறல. வயசானவங்க உடம்பைப் பத்தி எழுத்துத் தமிழ்ல பேசறதே இல்லைங்க. "எனக்குத் தலைச்சுற்றல் ஏற்படுகிறது"ன்னு உங்க அம்மா என்னிக்காவது சொல்லியிருக்காங்களா?

இது சிரிக்கற விஷயம் இல்ல. ஒண்ணுக்குன்னு சொன்னது புரியலன்னா அம்மா தானே எந்திரிச்சுப் போவாங்க, ஈரத் தரையில வழுக்குவாங்க. இந்த வயசுல இடுப்பெலும்பு உடைஞ்சா அப்புறம் என்ன ஆகும்னு உங்கள்ல பல பேருக்குத் தெரியும்.

வழி கண்டுபிடிச்சது தங்கமணி. வாட்ஸ்அப்ல மூணு பேரும் இருக்கற ஒரு குழு. அம்மா எதையாவது புதுசாச் சொன்னா பாப்பா அதை அப்படியே அம்மா குரல்லயே பதிவு பண்ணி அனுப்பணும். நாங்க ஆங்கிலத்துல அர்த்தம் சொல்லி, என்ன செய்யணும்னும் சொல்லுவோம். பாப்பா அதுக்குக் கீழ பர்மிய எழுத்துல தனக்குப் புரியற மாதிரி குறிச்சு வச்சுப்பாங்க. மூணு மாசத்துல நாப்பது சொல் சேந்துச்சு. அம்மா குரல்லயே அம்மாவோட அகராதி. வாட்ஸ்அப்ல குரல் பதிவு வந்தது 2013-ல். அதைக் கொண்டுவந்தவங்க இப்படி ஒரு உபயோகத்தை நினைச்சிருப்பாங்களான்னு தெரியல, எங்க வீட்டுல அதுதான் பெரிய கருவி.

மத்த கருவிங்களும் இருந்துச்சு. அமெரிக்காவுல இருக்கற அண்ணன், விழுந்தா கூப்பிடற கைக்கடிகாரம் வாங்கி அனுப்பினார். அம்மா அதை "கையில என்னடா விலங்கு"ன்னு கழட்டி அரிசி டப்பாவுல போடுவாங்க. சக்கரையைத் தொடர்ந்து அளக்கற வில்லை, கை மேல ஒட்டறது, பதினாலு நாள் தாங்கணும். ரெண்டாம் நாளே பிச்சுப் போட்டுட்டாங்க. மறதி இருக்கறவங்களுக்கு அது ஒட்டிக்கிட்டிருக்கற அழுக்கு, அவ்ளோதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். நான் ஆபீஸ்ல மீட்டிங். தங்கமணியும் வேலையில. அம்மா சோஃபாவுல உக்காந்து "கிறுகிறுங்குது பாப்பா"ன்னு மெதுவாச் சொல்லியிருக்காங்க. அகராதியில பன்னண்டாவது சொல் அது. பாப்பா உடனே விரல்ல குத்திப் பாத்திருக்காங்க. 3.1. நம்ம ஊர்க் கணக்குல 56. (இங்க மில்லிமோல், இந்தியாவுல மில்லிகிராம். 18-ஆல பெருக்கணும். "அம்மாவுக்கு சுகர் 7"ன்னு சொன்னதுக்குத் திருச்சி அக்கா ஒரு தடவை அலறிட்டாங்க. 7-ன்னா 126 :-)) 70-க்குக் கீழ போனாலே கவனிக்கணும். பாப்பா டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி அரை டம்ளர் பழச்சாறு கொடுத்து, பதினஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி குத்திப் பாத்து, 4.6 வந்ததுக்கப்புறம் ரெண்டு பிஸ்கட் கொடுத்துட்டு எனக்குக் கூப்பிட்டாங்க. நான் போனை எடுக்கறப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு.

அன்னிக்கு அந்தக் கடிகாரம் அம்மா கையிலதான் இருந்துச்சு. அது ஒண்ணும் சொல்லல. அதைக் குத்தம் சொல்ல முடியாது, விழறதைப் பாக்கத்தான் அதைச் செஞ்சாங்க, அம்மா விழலயே. ஆனா ஒரு விஷயம் உறுத்துச்சு. ஒருவேளை அம்மா விழுந்திருந்தாலும் அந்த எச்சரிக்கை எங்க வந்திருக்கும்? பன்னண்டு கிலோமீட்டர் தள்ளி, சத்தத்தை அமுக்கி வச்சிருந்த என் போனுக்கு. சமையக்கட்டுல இருக்கற பாப்பாவுக்கு இல்ல! கணக்கு என் பேர்ல, கடவுச்சொல் என்கிட்ட, மொழி ஆங்கிலம். பாசத்துல வாங்கற பொருள் எல்லாமே தூரத்துல இருக்கற மகனோட மனசு ஆறுதலுக்குச் செஞ்சது மாதிரியே இருக்கு. பக்கத்துல இருக்கறவங்களை அது கணக்குலயே எடுத்துக்கல.

அடுத்தது கேமரா பஞ்சாயத்து. அண்ணன் ஒத்தக் கால்ல நின்னார். "அந்தப் பொண்ணு அம்மாவை என்ன பண்றான்னு யாருடா பாக்கறது?" அவர் பயம் பொய் இல்ல. வயசானவங்களை அடிச்ச செய்தி வருது. பணிப்பெண்ணைப் பட்டினி போட்ட செய்தியும் வருது. மனிதவள அமைச்சு இதுல தெளிவா இருக்கு: கேமரா இருந்தா அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணும், அவங்க தூங்கற, உடை மாத்தற, குளிக்கற இடத்துல வைக்கக் கூடாது. நான் பாப்பாகிட்டயே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "கேமரா ஓகே அண்ணா, நானும் பாக்கலாமா?"ன்னாங்க.

அந்த ஒரு கேள்வியில பஞ்சாயத்து முடிஞ்சுது. ஹால்ல மட்டும் ஒண்ணு. படம் பாப்பா போன்லயும் தெரியும். இப்ப அவங்க சமைக்கறப்ப போனைச் சுவத்துல சாச்சு வச்சுக்கிட்டு அம்மா எந்திரிக்கறாங்களான்னு பாத்துக்கறாங்க. அண்ணனுக்காக வந்த கேமராவை நிஜமா உபயோகிக்கறது அவங்கதான். அண்ணன் பாக்கறதை விட்டு ரொம்ப நாளாச்சு.

இப்ப கதையோட இன்னொரு பக்கம். பாப்பாவுக்கும் ஒரு அமே இருக்காங்க. வயசு எழுபது. தங்கச்சி பாத்துக்கறா. இங்கேர்ந்து பணமும், ராத்திரி ஒம்பது மணிக்கு ஒரு வீடியோ அழைப்பும் போகும். மாத்திரையை போன் முன்னாடி காட்டச் சொல்லி எண்ணுவாங்க. எங்கம்மாவுக்குச் செய்யற அதே வேலை, கைக்கு எட்டாத தூரத்துலேர்ந்து. 2021 பிப்ரவரியில ராணுவம் ஆட்சியைப் புடிச்சதுலேர்ந்து அங்க இணையம் எப்ப வரும் எப்ப போகும்னு சொல்ல முடியாது. ஃபேஸ்புக்கை முடக்கினாங்க. அதைச் சுத்திப் போற வழிங்களையும் 2024-ல் அடைச்சாங்க.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. இங்க மணி ரெண்டு இருவது. மண்டலே பக்கம் 7.7 அளவுல நிலநடுக்கம். அதுக்கப்புறம் மூணு நாள் பாப்பாவுக்கு ஊர்லேர்ந்து ஒரு தகவலும் இல்ல. போன் அடிக்கவே இல்ல. அந்த மூணு நாளும் அம்மாவுக்கு இன்சுலின் நேரத்துக்குப் போச்சு, சாப்பாடு நேரத்துக்கு ஆச்சு. நாங்க செய்யறோம் நீ உக்காருன்னா கேக்கல. "கை சும்மா இருந்தா பயம்"னு தமிழ்ல சொன்னாங்க. எங்க யாரு பேரும் சில நேரம் நினைவில்லாத அம்மா, அவங்க தலையத் தடவி "பாப்பா ஏன் அழுவுது"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நாலாம் நாள் காலைல தங்கச்சியோட குரல் பதிவு ஒண்ணு வந்துச்சு. பதினோரு விநாடி. வீடு இடிஞ்சிருச்சு, அமே நல்லா இருக்காங்க. எங்க கண்ணு முன்னாடியே அதைப் பத்து தடவை கேட்டாங்க.

சரி, நண்பருக்குப் பதில். கருவி வேணாம்னு நான் சொல்லல. யாருக்குக் கருவின்னு கேக்கறேன். இதைப் படிக்கறவங்கள்ல பாதிப் பேர் பொட்டி தட்டறவங்கதானே, அதனால உங்ககிட்ட ஒரு விண்ணப்பம்:

1. எச்சரிக்கை முதல்ல பக்கத்துல இருக்கறவங்களுக்குப் போகணும். அப்புறம்தான் மகனுக்கு.

2. எழுத்து வேணாம், குரல் வேணும். அதுலயும் பேச்சுத் தமிழ். உடம்பு சம்பந்தப்பட்ட நூறு இருநூறு சொல் போதும், நிறைய வீடு பொழைக்கும்.

3. பாத்துக்கறவங்களுக்குன்னு தனிக் கணக்கு, அவங்க மொழியில. என் கடவுச்சொல்லுக்குள்ள அவங்க ஒளிஞ்சுக்கிட்டு இருக்கக் கூடாது. மூணு வருஷம் கத்துக்கிட்டதை அடுத்த வேலைக்குப் போறப்ப அவங்க எடுத்துட்டுப் போக முடியணும்.

4. லீவு நாள்ல அந்தக் கருவி அவங்களைக் கூப்பிடக் கூடாது. வாரம் ஒரு ஓய்வுநாள் 2013-லேர்ந்து சட்டத்துல இருக்கு. காசு கொடுத்து ஈடு கட்டிடலாம்னும் அதே சட்டத்துல இருந்துச்சு. 2023 ஜனவரியிலேர்ந்து மாசத்துல ஒரு நாளாவது ஈடு கட்ட முடியாத லீவா கொடுத்தே ஆகணும். எங்க வீட்டுல நாலு ஞாயிறும் லீவு. சனி ராத்திரி பாப்பா எங்களுக்கு ஒரு குரல் பதிவு போடுவாங்க: "அண்ணா, நாளைக்கு அம்மா காலு வீக்கம் பாரு. தயிர் கேக்கும், கொஞ்சம் குடு." ஞாயித்துக்கிழமை நான் அதைக் கேட்டுக்கிட்டுதான் வேலை பாக்கறேன்.

பராமரிப்பு மானியம்னு இங்க அரசாங்கம் கொடுக்குது. 2019-ல் மாசம் 200 வெள்ளியில தொடங்கினது, 2023-ல் 400 வரைக்கும் போச்சு. குடிமக்களுக்கும் சில நிரந்தரவாசிகளுக்கும்தான். எங்கம்மா நீண்டகால வருகை அனுமதியில இருக்கறதால எங்களுக்கு இல்ல. தகுதி உள்ளவங்க கேட்டு வாங்கிக்குங்க. தெரியாமயே நிறைய பேர் விட்டுடறாங்க.

எங்க அகராதி இப்ப தொண்ணூத்தி மூணு சொல்லுல நிக்குது. உங்க வீட்டுப் பெரியவங்க உடம்புக்கு முடியாதப்ப சொல்ற சொல் எதுவா இருந்தாலும் எழுதுங்க. எந்த ஊர்ச் சொல்லுன்னும் போடுங்க. நாகர்கோவில்காரங்களும் யாழ்ப்பாணத்துக்காரங்களும் எங்ககிட்ட இல்லாததை நிச்சயம் வச்சிருப்பீங்க.

டிஸ்கி: பாப்பாகிட்ட இந்தப் பதிவை ஆங்கிலத்துல படிச்சுச் சொல்லி அனுமதி வாங்கியாச்சு. ரெண்டு நிபந்தனை போட்டாங்க. போட்டோ போடக் கூடாது. பழச்சாறு கொடுத்தேன்னு எழுதறப்ப, அது ஆரஞ்சு, சக்கரை போடாத டப்பா இல்லன்னும் எழுதணுமாம். சக்கரையே இல்லாத பானத்தைக் கொடுத்தா சுகர் ஏறாதாம். எழுதிட்டேன் தாயே :-)