மலையடிவாரத்தில் கொடுவா

எங்கள் பக்கம் மீன் என்றால் கெளுத்தி, கெண்டை, விரால். கோமுகி அணையில் பிடித்தது, இல்லாவிட்டால் ஏரி வற்றும்போது அள்ளியது. கடல் மீன் ஐஸ் பெட்டியில் செத்துத்தான் கள்ளக்குறிச்சிக்கு வரும். அதனால் மாமா 1,000 கொடுவாக் குஞ்சுகளை உயிரோடு குட்டியானையில் ஏற்றிக் கச்சிராயபாளையம் பக்கத்துக் குட்டைக்குக் கொண்டுவந்தபோது ஊரே கரையில் நின்றது. "தண்ணியில உப்பு கொட்டணுமாய்யா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

வேண்டாம். கொடுவா கடலோரம் பிறந்து, ஆற்று முகத்துவாரம் ஏறி நல்ல தண்ணீரிலும் வளரும் மீன். பண்ணையிலேயே உப்பைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்துப் பழக்கி அனுப்பிவிடுவார்கள். முட்டையிடத்தான் அதற்குக் கடல்நீர் வேண்டும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் அதைத் தொட்டியில் வைத்தே இனப்பெருக்கம் செய்ய வைத்தது. இந்தியாவில் அதுதான் முதல் முறை.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. கொடுவா முதலில் ஆண். சில வருஷம் கழித்து, நாலைந்து கிலோ எடை வந்த பிறகுதான் பெண்ணாக மாறும். தாய் மீன் வேண்டுமென்றால் அதுவரை தீனி போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். பிறகு மெல்லிய குழாய் விட்டுச் சினையை எடுத்து, அளவு பார்த்து, ஹார்மோன் ஊசி. ஒன்றரை நாளுக்குள், பெரும்பாலும் ராத்திரியில், முட்டை விடும். 17, 18 மணி நேரத்தில் பொரிந்துவிடும். மூன்றாம் நாள் குஞ்சு வாய் திறந்ததும் கொடுக்க ரோட்டிஃபர் என்கிற நுண்ணுயிர் தயாராக இருக்க வேண்டும். ரோட்டிஃபருக்குத் தீனி பாசி. ஆக, பாசியையும் வளர்க்க வேண்டும். அதற்கப்புறம் ஆர்ட்டீமியா.

மாமாவுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. கரும்பு போட்ட காசு மொத்தமும் குட்டையில் கட்டிய ஹாப்பா வலைக்குள் இருந்தது. கொடுவாவோ கூடப் பிறந்ததையே தின்னும். ஒன்று கொஞ்சம் பெருத்தால் போதும், பக்கத்தில் இருப்பதைத் தலையோடு விழுங்கப் பார்க்கும். தொண்டையில் சிக்கி இரண்டும் சாவதும் உண்டு. நாலு நாளைக்கு ஒருதரம் பெருசு, சிறுசு பிரித்து வேறு வேறு வலையில் விடணும். அத்தைதான் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிரித்தார். "இதுக்கு நம்ம பங்காளிங்க வரப்புத் தகராறே தேவலாம்" என்றார்.

மார்கழியில் கல்வராயன் மலைக்குளிர் இறங்கியதும் மீன்கள் தீனியைத் தொடவில்லை. மாமா அந்த ஒரு மாசம் சரியாகத் தூங்கவில்லை என்று அத்தை சொன்னார். தை கழிந்து வெயில் ஏறிய பிறகுதான் மிதக்கும் தீவனத்தைப் பாய்ந்து பாய்ந்து எடுத்தன.

பத்து மாசத்தில் மிஞ்சியது 600 சொச்சம், ஒவ்வொன்றும் முக்கால் கிலோ. சென்னை வியாபாரி வந்து எடுத்துப் போனார். குஞ்சு வாங்கின காசும் தீவனக் காசும் போக, கரும்பில் நிற்பதைவிடக் கொஞ்சம் கூடவே நின்றது.

ஐந்து மீனை மட்டும் மாமா விற்கவில்லை. இந்தத் தண்ணீரில் அதுங்க முட்டை விடாது மாமா என்றேன்.

"முட்டைக்கு யார்டா வெச்சிருக்கா? எவ்ளோ பெருசாவுதுன்னு பாக்கலாம்" என்றார்.