பெட்டி விலை மட்டும் விலை இல்ல

வீட்டுக்கு சப்வூஃபர் வாங்கப் போறீங்களா? பாசிவ் பெட்டி விலை குறைவாத் தெரியும். உள்ளே இருப்பது ஸ்பீக்கர் மட்டும்தான். ரிசீவரின் ‘சப் அவுட்’ தருவது வெறும் சிக்னல். பெட்டியை ஓட்டத் தனி ஆம்ப்ளிஃபயர் வேணும்.

சேவூர்ல இருந்து பனியன் கம்பெனிக்குப் போற எங்க மாமா, தீபாவளி போனஸ்ல வாங்க நினைச்சார். “இருக்கற ஸ்டீரியோ ஆம்ப்லயே மாட்டிக்கலாமல்ல மாப்ள?”ன்னார்.

மாட்டலாம். ஆனா 8 ஓம் ஸ்பீக்கர்ல 80 ஹெர்ட்ஸுக்கு மேலே வர்ற சத்தத்தை வடிகட்ட, ரொம்ப எளிய ஃபர்ஸ்ட் ஆர்டர் ஃபில்டருக்கே சுமார் 16 மில்லிஹென்றி காயில் தேவை. அவ்வளவு செப்புக் கம்பி சுத்தினா கனமும் கூடும், விலையும் கூடும். காயிலின் ரெசிஸ்டன்ஸ் கொஞ்சம் பவரையும் தின்னும். ஆக்டிவ்ல அதே வேலையை ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாடியே ஒரு ஆப்-ஆம்ப்பும் சில சின்ன கெபாசிட்டர்களும் முடிச்சிடும். எத்தனை ஹெர்ட்ஸ்ல வெட்டணும்னு குமிழைத் திருகியே மாத்திக்கலாம்.

பாசிவுக்கும் ஒரு பலம் உண்டு. ஆம்ப் போனா ஆம்ப்பை மட்டும் மாத்தினாப் போதும். ஆக்டிவ்ல உள்ளே போர்டு போனா, சரி பண்ற வரைக்கும் பெட்டியே ஊமை.

போனஸ் வருஷத்துக்கு ஒரு தடவைதான். அதனால பெட்டி, ஆம்ப், ஒயர் மூணையும் கூட்டிப் பார்த்தோம். மாமாவுக்கு ஆக்டிவ்தான் கட்டுபடியாச்சு. உங்க வீட்ல நல்ல ஆம்ப் ஒண்ணு சும்மா கிடந்தா, கணக்கு மாறும்.