ஒட்டலாமா, மாற்றலாமா?

எங்கள் வீட்டில் ஒரு வேஷ்டிக்கு ஐந்து பிறவி உண்டு. வேஷ்டி கிழிந்தால் துண்டாகும். துண்டு நைந்தால் அடுப்படியில் கரித்துணியாகும். கரித்துணியும் ஓய்ந்து போனால், என் தகப்பனார் அதை மோட்டார் சைக்கிள் துடைக்க எடுத்துக்கொள்வார். அதிலும் மிஞ்சுவது கார்த்திகைக்குத் திரியாகும். "எண்ணெய் குடித்த துணி, நின்று எரியும்" என்பார். இதைச் சிக்கனம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "சாமானுக்குக் காட்டுகிற மரியாதையடா இது" என்று திருத்துவார்.

துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அவர், ராயபுரத்து வீட்டுக்கு 1974-ல் ஒரு புல்லட் கொண்டு வந்தார். அவர் காலத்துக்குப் பிறகு அது என்னிடம் வந்தது. வண்டியோடு அந்த மரியாதையும் வந்தது. அந்த நாளில் ஒரு டியூபுக்குப் பதினோரு ஒட்டுப் போட்டு ஓட்டியவர் அவர். "ஒட்டுக்கு நடுவே டியூபைத் தேட வேண்டியிருக்கிறது" என்று கடைக்காரன் அலுத்துக்கொண்டதை, ஏதோ பட்டயம் கிடைத்த மாதிரி வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பார்.

புல்லட் எங்கள் பக்கத்து வண்டி என்பதிலும் அவருக்குப் பெருமை. அந்தப் பெருமை வாஸ்தவமானதுதான். எல்லைக் காவலுக்குத் தோதான வண்டி என்று நமது ராணுவம் இந்த 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கூட்டிச் சேர்க்கத் தொடங்கிய இடம் திருவொற்றியூர். சில வருஷங்களில் பாகங்களும் இங்கேயே தயாராயின. பிற்பாடு இங்கிலாந்தில் தாய்க் கம்பெனியையே மூடிவிட்டார்கள். திருவொற்றியூரில் மட்டும் புல்லட் நிற்கவில்லை. எங்கள் வீட்டு வேஷ்டியைப் போல அதற்கும் மறுபிறவி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை பீடிகையும் எதற்கென்றால், சென்ற மழைக்காலத்துக்கு முன்பு ஒரு மாலையில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான்.

என் மனைவியின் அக்காள் வீடு கத்திவாக்கத்தில் இருக்கிறது. உடம்பு சரியில்லாத அக்காளுக்குத் துணையாகப் போய் நாலு நாள் இருந்தவளை அழைத்து வருவதற்காகக் கிளம்பினேன். காசிமேடு தாண்டிக் கடலோரமாகப் போகிற எண்ணூர் விரைவுச் சாலையை அறிந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் பாறாங்கல் கொட்டிய கடற்கரை; மறு பக்கம் துறைமுகத்துக்கு நுழைய வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள். வரிசை நகராதபோது சாலை ஒரு நீளமான கொட்டகை போலிருக்கும். நகரத் தொடங்கினால், நம்முடைய தோள் உயரத்துக்குச் சக்கரங்கள் பக்கத்தில் உருளும். அந்த லாரிகளிலிருந்து உதிரும் ஆணி, மரை, கம்பித் துண்டு எல்லாம் எங்கள் சக்கரங்களுக்கென்றே படைக்கப்பட்டவை.

திருவொற்றியூர் எல்லைக்குள் நுழைந்த சற்று நேரத்தில் வண்டியின் பின்பக்கம் ஆடத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தேன். பின் டயர் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. புல்லட்டோ ஒன்றரைக் குவிண்டாலுக்கு மேல் கனம். பஞ்சர் கடை ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில். கொஞ்ச தூரம் தள்ளினேன், மூச்சு வாங்கியது. 'மெதுவாக ஓட்டிக்கொண்டே போனால் என்ன? டியூப் எப்படியும் போய்விட்டது' என்று தோன்றியது. ஏறி உட்கார்ந்து, முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு போனேன்.

நான் தேடிப் போனது பாயின் கடை. கடை என்றால் ஒரு தகரக் கூரை, வாசலில் தொங்கும் ஒரு கிழட்டு டயர், காற்று மெஷின், ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். பட்டினத்தார் சமாதி கோயிலுக்குக் கூப்பிடு தூரம். காடு, வீடு, செல்வம் அத்தனையையும் விட்டவர் அடங்கிய இடத்துக்குப் பக்கத்தில்தான், ஒரு பழைய டயரை விட மனம் வராத நானும் அடிக்கடி போய் நிற்பது வழக்கம்.

பாயிடம் எனக்கு ஏற்பட்ட நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்பு நகரத்தின் நடுவே ஒரு பெரிய கடையில் இதே டயரைக் காட்டினேன். ஓர் ஆணி குத்தியிருந்தது. அங்கே இருந்த பையன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "மாத்திடுங்க ஸார், ரெண்டையுமே மாத்திடுங்க" என்றான். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு பாயிடம் வந்தேன். அவர் டியூபை உருவிக் காற்றடித்துத் தொட்டியில் அமுக்கினார். குமிழி வந்த இடத்தில் அடையாளம் வைத்தார். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும் வரை பொறுமையாக உட்கார்ந்திருந்து ஒட்டுப் போட்டார். "இது ஆணி ஓட்டை ஸார். டயருக்கு ஒண்ணும் ஆவல" என்றார். அந்த டயர்தான் மூன்று வருஷமும் ஓடியது. அன்று முதல் அவர் என் குடும்ப வைத்தியர்.

ஆகவே இந்தத் தடவையும் அட்டகாசமாக, "ஒரு ஒட்டுப் போடுங்கள் பாய், அவசரம்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பாய் சக்கரத்தைக் கழற்றினார். இரும்பு நெம்பிகளைச் செருகி டயரின் ஓரத்தை வளையத்திலிருந்து கிளப்பினார். உள்ளேயிருந்து கறுப்பாகத் தூள் கொட்டியது. மிளகுப் பொடியைப் போல ஒரு கைப்பிடி இருக்கும். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தள்ளிக்கினு வர்லியா ஸார்? ஓட்டிக்கினு வந்தீங்களா?"

"கொஞ்ச தூரம்" என்றேன். பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லி அகப்பட்ட பையனின் குரல் என்னிடமிருந்து வந்தது.

"டியூபு சரி, வேற போட்டுக்கலாம். டயரு பூட்ச்சி. மாத்தணும்."

எனக்குச் சுரீர் என்றது. நீங்களுமா பாய் என்று கேட்டே விட்டேன். அத்துடன் நிற்காமல், "அந்த நாளில் பழைய டயரில் ஒரு துண்டை வெட்டி உள்ளே வைத்து ஓட்டுவார்களே!" என்று என் தகப்பனார் காலத்து வைத்தியத்தையும் எடுத்து விட்டேன்.

"வெப்பாங்க. சைக்கிளுக்கு வெப்பாங்க" என்றார் பாய். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டயரை என் மடிக்கு நேரே கொண்டுவந்து பிடித்து, "கைய உள்ள விடுங்க ஸார்" என்றார்.

விட்டேன். பக்கச் சுவரின் உட்புறம் வழவழப்பாக இருக்க வேண்டிய இடத்தில் பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று ஏதோ விரலில் பட்டது. சுற்றிலும் தடவிக்கொண்டே போனேன். ஒரு வரி பிடித்தாற்போல அது போய்க்கொண்டே இருந்தது.

"அதான் நூலு. அறுந்து வெளியே வந்திட்சி" என்றார்.

டயர் என்றால் ரப்பர் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ரப்பருக்குள்ளே நைலான் நூலைச் சாய்வாக, ஒன்றுக்கொன்று குறுக்காக, அடுக்கடுக்காகப் புதைத்திருக்கிறார்கள். காற்றின் அழுத்தத்தைக் கட்டிப் பிடித்து நம்மைச் சுமப்பது அந்த நூல்தான். ரப்பர் அதற்கு ஒரு சட்டை. காற்று இருக்கும்வரை நூலுக்குச் சங்கடம் இல்லை. காற்றுப் போன டயரின் மேல் ஏறி ஓட்டினால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் பக்கச் சுவர் இரும்பு வளையத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே மடிந்து நசுங்குகிறது. புல்லட் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டு மீட்டர் போகும். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு எழுநூறு சுற்றுக்கு மேல். ஆணி குத்தியது ஒரே ஒரு தடவை. எழுநூறு தடவை குத்தியவன் நான்.

பாய் டயரின் பக்கத்தைத் துடைத்து, அங்கே அச்சான எண்களையும் காட்டினார். கடைசியில் உள்ள நாலு இலக்கத்தில் முதல் இரண்டும் வாரம். அடுத்த இரண்டும் வருஷம். 2216 என்று இருந்தது. "பதினாறாம் வருஷம், இருபத்திரண்டாவது வாரத்துல பொறந்தது. நீங்களே கணக்குப் போட்டுக்குங்க ஸார்."

நான் கணக்குப் போட்டுக்கொண்டே, "ஓர் ஒட்டுப் போட்டால் இன்றைக்கு மட்டும் தாங்காதா?" என்றேன். மனித சுபாவத்தைப் பாருங்கள்!

"தனியாவா போறீங்க?"

"போகும்போது தனி. வரும்போது என் சம்சாரம்."

பாய் டயரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நான் ஒட்ட மாட்டேன் ஸார். ஒட்டினா நிக்கும். எதுவரைக்கும் நிக்கும்னு எனக்குத் தெரியாது."

ஒட்டுப் போட்டுப் பிழைக்கிறவர், போட மாட்டேன் என்கிறார். டயர் விற்பனையும் அவரிடம் கிடையாது. நான் வேறு கடையில்தான் வாங்க வேண்டும். மாற்றினாலும் ஒட்டினாலும் அவருக்குக் கிடைக்கப்போவது கழற்றி மாட்டுகிற கூலி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆட்டோ பிடித்து நெடுஞ்சாலைக் கடைக்குப் போனேன். நாலு இலக்கத்தைப் பார்த்து, அந்த வருஷத்து டயரையே கேட்டு வாங்கினேன். இரண்டாயிரத்துச் சொச்சம் ஆயிற்று.

பாய் அதை மாட்டிக்கொண்டிருந்தபோது நான் தகப்பனாருடன் மனசுக்குள் வழக்காடிக்கொண்டிருந்தேன். ஒட்டுப் போடுவதைக் கேவலம் என்று யாரும் சொல்ல முடியாது. டயரே ஒட்டுப் போடும் தொல்லையிலிருந்து உருப்பெற்றதுதான். 1888-ல் டன்லப் என்ற மிருக வைத்தியர் தம்முடைய மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயரைச் செய்தார். ஆரம்பத்தில் அந்த டயரைச் சக்கரத்தோடு சேர்த்து ஒட்டியிருப்பார்கள். பிரான்ஸில் மிஷ்லின் சகோதரர்களின் தொழிற்சாலைக்கு 1889-ல் ஒருவர் அப்படிப்பட்ட டயர் பஞ்சராகி வந்து சேர்ந்தார். பழுது பார்க்க மூன்று மணி நேரம். பசை காய ஓர் இரவு. இப்படிக் கஷ்டப்படுவானேன் என்று யோசித்துத்தான், 1891-ல் கழற்றி மாட்டக்கூடிய டயரை அவர்கள் கொண்டு வந்தார்கள். பாயின் நெம்பிக்கு வேலை கொடுத்தது அந்த யோசனைதான்.

அவ்வளவு தூரம் போவானேன்? இதே திருவொற்றியூரில் 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்குப் பலூன் செய்யத் தொடங்கினார். அந்த மதராஸ் ரப்பர் பாக்டரி, அதாவது எம்.ஆர்.எப்., 1961-ல் அமெரிக்க நாட்டு மான்ஸ்பீல்டு கம்பெனியின் கூட்டுறவோடு டயர் தொழிலில் இறங்கியது. ஆனால் அதற்கு முன்பே, 1952-ல், அது எடுத்துக்கொண்ட தொழில் என்ன தெரியுமா? தேய்ந்த டயருக்கு மேல்பட்டை போடுகிற ரப்பர். புது டயர் செய்வதற்குப் பல வருஷம் முன்பே, பழைய டயருக்கு மறுபிறவி கொடுத்துப் பிழைத்த கம்பெனி அது!

தகப்பனார் கட்சி ஜெயித்துவிட்டது என்று எனக்கு ஒரு விநாடி குதூகலம். ஆனால் லாரி டயருக்கு மேல்பட்டை போடுகிறவன் முதலில் என்ன செய்வான்? உள்ளே பார்ப்பான். நூல் உறுதியாக இருந்தால் தேய்ந்த ரப்பரைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போர்த்துச் சூட்டில் வேகவைப்பான். நூல் அறுந்திருந்தால் அந்த டயரை ஒதுக்கிவிடுவான். மேலே தேய்ந்ததை மேலே போர்த்திச் சரிக்கட்டலாம். சுமக்கிற நூலை ஒட்டிச் சரிக்கட்ட முடியாது. தகப்பனார் போட்ட பதினோரு ஒட்டும் டியூபுக்குப் போட்டவைதான். டயருக்கு அல்ல. அவருக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. அவருடைய மரியாதை என் கைக்கு வந்தபோது, அதில் பாதி கஞ்சத்தனமாகத் திரிந்திருந்தது. 'சாமானுக்கு மரியாதை' என்று அதற்குப் பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

கத்திவாக்கம் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. "ஏங்க, இவ்வளவு நேரம்?" என்றாள். டயர் வாங்கியதைச் சொன்னேன். "நீங்களா? புதுசா?" என்று அக்காளைப் பார்த்துச் சிரித்தாள்.

திரும்பி வரும்போது கண்டெய்னர் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு லாரி எங்களை ஒட்டினாற்போலத் தாண்டியது. அதன் சக்கரங்கள் ஒவ்வொன்றாக, முடிவே இல்லாததுபோல, எங்கள் பக்கத்தில் போயின. அவள் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த நிமிஷத்தில், எங்களுக்குக் கீழே அந்தப் பழைய டயர் இருந்திருந்தால் என்று நினைத்தேன். இரண்டாயிரத்துச் சொச்சத்தை மிச்சம் பிடிக்க நான் எதைப் பணயம் வைக்க இருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

இந்த இடத்தில் கட்டுரை முடிந்திருக்கலாம். ஆனால் நாலாம் நாள் தேரடிப் பக்கத்தில் புது டயரில் ஆணி ஏறியது. ஆணிக்குப் புதிது பழையது என்ற பேதம் கிடையாது. நான் இறங்கித் தள்ளினேன். வழியில் ஒரு பையன், "ஓட்டிக்கினு போலாமே தாத்தா" என்று இலவச யோசனை சொன்னான். நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, சட்டையெல்லாம் நனைந்து பாயின் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"இன்னா ஸார், மாத்திடலாமா?" என்று அவர் சிரித்தார்.

டயரின் ஒரு பக்கம் வளையத்தை விட்டு வெளியே வந்ததும், அவர் சொல்வதற்கு முன்பே கையை உள்ளே விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

"ஒட்டுங்கள் பாய்" என்றேன்.