எதிர்க்காற்றில் மிதிவண்டி

காற்று வரும் திசைக்கேற்ப அதற்குப் பெயரிட்டு வழங்கியவர் நம் முன்னோர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. இந்நான்கில் தென்றலுக்குக் கிடைத்த புகழ் ஏனைய மூன்றுக்கும் கிடைக்கவில்லை. புலவர்கள் மிதிவண்டி ஓட்டியதில்லை என்பதே அதற்குக் காரணம் என்று நான் எண்ணுவதுண்டு. ஓட்டியிருப்பின், முகத்தில் அறையும் காற்று, முதுகைத் தாங்கும் காற்று என்று இரண்டே பெயர் போதுமென விட்டிருப்பர்.

நான் பிறந்தது ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த ஒரு சிற்றூரில். தென்மேற்குப் பருவக்காற்று மலைகளுக்கிடையே நெருக்குண்டு வேகம் கொள்ளும் இடம் அது. அருகிலுள்ள முப்பந்தலில் இன்று காற்றாலைகள் காடுபோல் நிற்பதும் அதனாலேயே. ஆடி மாதத்தில் மேற்கே இருந்த பள்ளிக்குச் செல்லும்போது மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டே போவோம். மாலையில் பெடலை மிதிக்காமலே வீடு வந்து சேர்வோம். நடுவண் அரசின் எழுத்தர் பணி என்னைப் பல ஊர்களுக்கு அலைக்கழித்து, இறுதியில் கொண்டுவந்து விட்டதும் ஒரு காற்றூரில்தான். கட்ச் மாவட்டத்துக் காந்திதாம், பிரிவினைக்குப் பின் சிந்துவிலிருந்து வந்த மக்களுக்காக எழுப்பப்பட்ட நகரம். அருகே கண்ட்லா துறைமுகம், சுற்றிலும் உப்பளங்கள். தடுத்து நிறுத்த மலையோ உயர்ந்த மரமோ இல்லாத அந்த வெளியில், மே முதல் ஆகஸ்டு வரை அரபிக்கடல் காற்று தென்மேற்கிலிருந்து ஓயாமல் வீசும். ஆயிரம் கல்லுக்கு மேல் தள்ளி வந்தும் அதே பருவக்காற்று என்னைத் தேடி வந்துவிட்டதாகவே வந்த முதல் ஆண்டில் தோன்றியது.

என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. கியர் வைத்த பழைய பந்தய வண்டி ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தேன். 2024 சனவரியில், காற்றடங்கிய குளிர்காலைகளில், பத்துக் கிலோமீட்டரை இருபது நிமிடத்தில் கடந்தாள். மாவட்டத் தேர்வு சூலையில் என்று அறிவித்தார்கள், மூவரையே எடுப்பார்கள். சூன் மாதம் வந்தது, காற்றும் வந்தது. அதே சாலை, அதே வண்டி, அதே பெண். ஆனால் இருபத்துமூன்று நிமிடத்திற்குக் குறையவில்லை. மூன்றாவது ஞாயிறன்று வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அப்பா, என் காலில் வலு போய்விட்டது. இனி நான் வரவில்லை" என்றாள். பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு வெயிலில் இந்த அலைச்சல் எதற்கு என்று அக்கம்பக்கத்தார் கேட்டுக்கொண்டிருந்த காலம். அவர்களுக்கு விடை சொல்ல அவள் தாயாரும் சலித்திருந்தாள். அன்று நான் ஒரு சொல் தவறிப் பேசியிருந்தாலும் வண்டி பழைய பொருள் வாங்குபவரிடம் போயிருக்கும்.

இருபது ஆண்டுகளாகக் கணக்கெழுதும் கைக்குத் தெரிந்தது கணக்குத்தான். காகிதத்தில் எழுதிக் காட்டினேன். காற்றில்லாத நாளில் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர் போய்ப் பன்னிரண்டு திரும்பினால் ஒரு மணி நேரம். காற்றுள்ள நாளில் போகும்போது வேகம் 16 ஆகக் குறைகிறது. திரும்பும்போது 32 ஆக உயர்கிறது. எட்டுக் குறைந்து எட்டுக் கூடியதால் சரிக்குச் சரி என்றுதானே தோன்றும்? போக 45 நிமிடம், வர இருபத்திரண்டரை நிமிடம், மொத்தம் அறுபத்தேழரை. ஏழரை நிமிடம் நட்டம். எதிர்க்காற்றில் நாம் நெடுநேரம் கிடக்கிறோம். பின்காற்று வந்த சுவடே தெரியாமல் முடிந்துவிடுகிறது. காற்று வாங்கிய கடனை முழுவதும் திருப்பித் தருவதில்லை. அவள் காகிதத்தை நெடுநேரம் பார்த்தாள். கணக்கில் பிழை தேடினாள் என்று நினைக்கிறேன், கிடைக்கவில்லை.

இதற்குள் இன்னொரு கணக்கும் உண்டு. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக வளர்வது. வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. 1972 இல் எடி மெர்க்ஸ் என்ற பெல்ஜிய வீரர் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைக்க, கடல்மட்டத்திற்கு 2,200 மீட்டருக்கு மேலுள்ள மெக்சிகோ நகரத்தைத் தேடிப் போனது அங்கே காற்று மெலிந்திருப்பதால்தான். நெதர்லாந்துக்காரர்களோ நேர்மாறானவர்கள். 2013 முதல் எதிர்க்காற்றுக்கென்றே ஒரு போட்டி நடத்துகிறார்கள். கடலை அடைக்கும் நெடிய அணைமீது, கியர் இல்லாத சாதாரண வண்டியில், எட்டரைக் கிலோமீட்டர்; புயலை ஒட்டிய காற்று வீசினால்தான் போட்டியே உண்டு. இதைக் கேட்டபின் மகள் சிரித்தாள். மூன்று வாரத்தில் அதுவே முதற் சிரிப்பு.

அன்றிலிருந்து நேரத்தைக் குறிப்பதை நிறுத்தினோம். குறிப்பேட்டில் வேறு பத்திகள் இட்டேன். முதற்பத்தி, காற்று. இதற்குக் கருவி வேண்டியதில்லை. சாலையில் புழுதியும் காகிதமும் எழுந்தால் மணிக்கு இருபது முதல் இருபத்தெட்டுக் கிலோமீட்டர். சிறு மரங்கள் ஆடினால் முப்பதுக்கு மேல். பெருங்கிளைகள் ஆடினால் வண்டி வீட்டை விட்டுப் புறப்படாது. அங்கே எங்களுக்கு வாய்த்த மரம் சீமைக்கருவேல். குசராத்தியில் அதைக் 'காண்டோ பாவள்', அதாவது பைத்தியக் கருவேல் என்பர். நம் நாட்டைப் பாழாக்கிய மரம் ஓரிடத்திலேனும் பயன்பட்டது.

இரண்டாம் பத்தி, பெடல் சுற்று. எதிர்க்காற்றில் பெரிய கியரில் அழுந்தி மிதிப்பது முழங்காலுக்குக் கேடு. சிறிய கியருக்கு இறங்கி, கால் மணித்துளியில் வலக்கால் இருபது சுற்று வருமாறு மிதிக்க வேண்டும். வேகம் என்னவாயினும் ஆகுக. மூன்றாம் பத்தி, மூச்சு. உழைப்பை அளக்கும் கருவிகள் எங்கள் கைக்கெட்டாத விலை. ஆகவே குறளை வைத்தேன். ஏழு சீரையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் மிதமான உழைப்பு. முதலடியின் நான்கு சீரோடு மூச்சு முட்டினால் போட்டி உழைப்பு. இரண்டு சீரில் நின்றால் மிகை. கேந்திரிய வித்யாலயாவில் இந்தியும் ஆங்கிலமும் படித்த அவளுக்குத் தமிழெழுத்தே தடுமாற்றம். எனினும் அந்தப் பருவத்தில் உப்பளக் காற்றில் நாற்பது குறள் மனப்பாடமாயிற்று. தமிழ் வகுப்புக்கு வா என்று அழைத்திருந்தால் நான்கு கூட ஆகியிருக்காது!

எப்போதும் காற்றை எதிர்த்தே புறப்பட்டோம். களைத்தபின் முகத்தில் காற்று வாங்கி வீடு திரும்புவது போன்ற துன்பம் இல்லை. வண்டியைவிட ஓட்டுபவர் உடலே பெரும்பங்கு காற்றைத் தடுக்கிறது. எனவே முழங்கையை மடக்கி உடலைத் தாழ்த்தச் சொன்னேன். அச்சம் தந்தது குறுக்குக்காற்று ஒன்றே. உப்பு லாரி கடந்து செல்லும் நொடியில் காற்று அறுபடும். காற்றின்மேல் சாய்ந்து ஓட்டுபவர் லாரிப் பக்கமாகச் சரிவார். லாரி போனதும் காற்று மீண்டும் அறைந்து சாலையோரத்திற்குத் தள்ளும். ஹேண்டில்பாரை இறுகப் பற்றினால் இது கூடுமேயன்றிக் குறையாது. ஆதலால் லாரிச் சாலையை விட்டு, ஆளரவமற்ற கிளைச்சாலை ஒன்றைத் தேர்ந்தோம்.

முன்னே ஒருவர் செல்ல, அவர் சக்கரத்தை ஒட்டிப் பின்னே செல்பவருக்குக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சமாகும். முதல் வாரங்களில் நானே முன்னே சென்றேன். நாற்பத்தாறு வயதில், தொப்பையும் அகன்ற தோளும் வாய்த்த எழுத்தனுக்கு இதைவிடப் பொருத்தமான பணி ஏது? பின்னால் குறள் தடையின்றி ஒலிப்பதைக் கேட்க இன்பமாகவும் இருந்தது. ஆனால் தனிநேரப் போட்டியில் பிறர் நிழலில் ஓட்டுவது விதிமீறல். சூலை பிறந்ததும் நான் ஒதுங்கிக்கொண்டேன். முதல் நாள் அவள் என்னைத் தாண்டிச் சென்றதும், குறள் மூன்றாம் சீரில் அறுந்தது. அழைத்து நிறுத்திவிடலாமா என்று வாய் வரை வந்தது, காற்றில் கேட்டிராது.

தேர்வன்று பைத்தியக் கருவேல் நன்றாகவே ஆடியது. விலையுயர்ந்த வண்டிகளில் வந்த பெண்கள் சிலர் தொடக்கத்திலேயே விரைந்து, திரும்புமுனைக்கு முன்பே தளர்ந்தனர். என் மகள் இருபத்திரண்டரை நிமிடத்தில் முடித்து மூன்றாவதாகத் தேர்வானாள். அவ்வாண்டுக் குளிர்காலத்தில் நடந்த மாநிலப் போட்டியில் காற்று இல்லை. அங்கே இருபதாம் இடத்திற்குக் கீழேதான் வந்தாள். வண்டியின் எடைதான் காரணம் என்று இன்றுவரை வாதிடுகிறாள்.

இப்போதும் ஞாயிறு விடியலில் புறப்படுகிறோம். எதிர்க்காற்றுப் பாதியில் அவள் முன்னே செல்கிறாள். "சக்கரத்தை ஒட்டி வாருங்கள் அப்பா" என்று திரும்பாமலே சொல்லுவாள். குறள் சொல்லும் முறை இப்போது எனக்கு. பெரும்பாலும் ஐந்தாம் சீரில் நிற்கிறது.