மெருகின் விலை

சென்ற மாதம் நம் சங்கச் செயலாளர் என்னை நூலகப் படிக்கட்டில் மடக்கிப் பிடித்தார். "ஆண்டு மலருக்கு இலக்கிய மாணவர்கள் எழுதிக் குவித்துவிட்டார்கள். அறிவியல் மாணவர் ஒருவராவது எழுத வேண்டாமா?" என்றார். நான் பௌதிகம் பயிலும் முதுகலை மாணவன்தான். ஆனால் எழுத வந்திருப்பது ஆய்வுக்கூடத்தைப் பற்றியன்று. ஞாயிறுதோறும் நான் கார் துடைக்கப் போகும் ஒரு கொட்டகையைப் பற்றி. நண்பர்களில் சிலருக்கு இது தெரியும், பலருக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று முன்பு நினைத்ததுண்டு. இப்போது அந்த எண்ணம் இல்லை.

என் தந்தையார் பிழைப்புத் தேடி விருத்தாசலம் பக்கத்திலிருந்து டில்லிக்கு வந்தபோது எனக்கு நான்கு வயது. பின்னாலேயே என் தாய்மாமனும் வந்தார். கார்களுக்கு வர்ணம் அடிக்கும் கடை ஒன்றில் தண்ணீர் ஊற்றும் ஆளாகச் சேர்ந்தவர், இன்று கரோல் பாக்கில் ஒரு சந்தில், இரண்டு கார் நிற்கும் அளவுக்கு ஒரு கொட்டகை போட்டிருக்கிறார். பழைய கார்களுக்கு இயந்திரத்தால் மெருகேற்றுவது அவர் தொழில். அந்தச் சந்தில் 'மதராஸி மிஸ்திரி' என்றால் அவர்தாம். என் புத்தகச் செலவும் மெட்ரோச் செலவும் அந்தக் கொட்டகையிலிருந்துதான் வருகின்றன.

மெருகேற்றுவது என்றால் எதையோ பூசுவது என்றே நானும் நினைத்திருந்தேன். முதல் நாளே மாமா அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டார். "பூசறது இல்லே மாப்பிள்ளே, சீவறது" என்றார். உண்மை அதுதான். இன்றைய கார்களின் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று பல படலங்கள் உண்டு. எல்லாம் சேர்ந்தும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். கிளியர் கோட் மட்டும் ஏறத்தாழ 40, 50 மைக்ரான். தலைமயிர் ஒன்றின் கனம்கூட இராது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருள்கள் அந்த மெல்லிய படலத்தில்தான் கலந்திருக்கின்றன. அழுக்குத் துணியால் துடைத்துத் துடைத்து அதில் விழுந்த கீறல்களைப் போக்க வழி ஒன்றே: கீறலின் அடிவரை, சுற்றியுள்ள படலத்தையும் சீவி எடுப்பது. அலுமினியம் ஆக்சைடு போன்ற கடினமான நுண்தூள் கலந்த குழம்பு அதைச் செய்கிறது. பெருங்கீறலை அழித்துச் சிறுகீறலாக்குகிறோம். சிறுகீறலை அழித்துக் கண்ணுக்குத் தெரியாத கீறலாக்குகிறோம். கண்ணாடிக்கு மெருகேற்றுவதைப் பற்றி இதே கருத்தை நியூட்டன் 1704இல் வெளியிட்ட தம் ஒளியியல் நூலில் சொல்லியிருக்கிறார். மாமா நியூட்டனைப் படித்தவரல்லர், கையால் கண்டவர்.

கறுப்புக் காரை வெயிலில் நிறுத்திப் பார்த்திருக்கிறீர்களா? சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் வட்டவட்டமாகக் கோடுகள் தெரியும். வட்டமாகத் துடைத்ததால் வட்டக் கீறல் என்று எல்லாரும் சொல்வார்கள். அது முழு உண்மையன்று. கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. அவற்றுள் ஒளி வரும் வழிக்குக் குறுக்கே கிடப்பவை மட்டுமே நம் கண்ணை நோக்கி மின்னுகின்றன. அதனால்தான் நாம் நகர்ந்தால் வலையும் கூடவே நகர்கிறது. இதை ஒரு நாள் மாமாவுக்குப் பெருமையோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், "எல்லாம் சரி, எடுக்க எத்தனை மணி ஆவும்? அதைச் சொல்லு" என்றார்.

வேலைக்கு ஒரு முறை உண்டு. முதலில் காரைக் கழுவி, கழுவியும் போகாமல் ஒட்டியிருக்கும் துகள்களைக் களிமண் போன்ற ஒரு கட்டியால் உருட்டி எடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் அந்தத் துகளே புதுக் கீறல் போடும். பிறகு ரப்பர் விளிம்புகளுக்கும் தகட்டின் ஓரங்களுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். ஒரு சிறு கருவியைத் தகட்டில் வைத்தால் பூச்சின் மொத்தக் கனத்தை மைக்ரானில் காட்டும். அதைப் பல இடங்களில் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து ஒன்றரை அடிச் சதுரத்தில் சோதனை. எடுத்தவுடன் முரட்டுக் காம்பவுண்டைத் தொடுவதில்லை. மெல்லிய நுரைப்பஞ்சு வட்டும் மென்மையான பாலிஷும் போதுமா என்று முதலில் பார்ப்போம். போதாவிட்டால்தான் ஒரு படி மேலே போவோம். வட்டை முழுவதும் படியவைத்து, கையை மெதுவாக, நெடுக்கும் குறுக்குமாக, ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும்படி ஓட்ட வேண்டும். வட்டில் சேரும் கசடை அடிக்கடி துலக்க வேண்டும்.

இயந்திரங்களும் இரு வகை. ஒன்று, ஒரே அச்சில் சுழல்வது. வேகமாக அறுக்கும், ஒரே இடத்தில் நின்றால் சூடேறிப் பூச்சைத் தின்றுவிடும். மற்றொன்று, சுழன்றுகொண்டே அச்சு விலகி ஆடுவது. வெட்டு குறைவு; ஆபத்தும் குறைவு. மாமா எனக்குக் கொடுத்தது இரண்டாவது. முதலாவதைத் தாம் இல்லாதபோது தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

சென்ற குளிர்காலத்தில், பஞ்சாபிப் பெரியவர் ஒருவர் பதினொரு ஆண்டுப் பழைய கறுப்புக் கார் ஒன்றைக் கொண்டுவந்து விட்டார். பத்து நாளில் மகளுக்குத் திருமணம். "புதுசு போல ஆக்கிக் கொடு மிஸ்திரி" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். நான் காலையிலிருந்து உழைத்தேன். பானெட்டில் எல்லாம் போயிற்று. நடுவே ஓடும் மேடான வரையின்மேல் ஒரே ஒரு கீறல் மட்டும் போகவில்லை. மாமா சாப்பிடப் போயிருந்தார். சுழலும் இயந்திரத்தை எடுத்தேன். கம்பளி வட்டை மாட்டினேன். அந்த வரையின்மேல் அழுத்தினேன்.

திரவப் பூச்சு கூர்மையான மேட்டில் நில்லாமல் இருபுறமும் விலகும், பரப்பு இழுவிசையால் அங்கே படலம் மெலிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியாததன்று. தேர்வில் பரப்பு இழுவிசை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். தாளில் இருந்த அறிவு கைக்கு வரவில்லை. சில நொடிகளில் வட்டைத் தூக்கினேன். அதுவரை வெள்ளையாக இருந்த கசடில் கறுப்பு ஏறியிருந்தது. கிளியர் கோட்டைச் சீவினால் கசடு வெள்ளை. நிறம் வந்துவிட்டால் எல்லை தாண்டியாயிற்று என்று பொருள். வரையின்மேல் கட்டைவிரல் நகத்தளவு ஒரு மங்கல்.

அடுத்து நான் செய்ததை எழுதக் கூசுகிறது. டப்பாவைத் திறந்து மெழுகை எடுத்து அந்த இடத்தில் தேய்த்தேன். மங்கல் மறைந்தது! நான்கைந்து முறை கழுவியபின் அது மீண்டும் தெரியும். அதற்குள் திருமணம் முடிந்திருக்கும் என்று மனம் கணக்குப் போட்டது.

மாமா வந்தார். பானெட்டைச் சுற்றி வந்து பார்த்தார். "கை தேறிடுச்சுடா மாப்பிள்ளே" என்றார். இவ்வளவு காலத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை. எங்கள் கொட்டகையில் கடைசி வேலை ஒன்று உண்டு. பாலிஷில் உள்ள எண்ணெய் கீறல்களை அடைத்துக்கொண்டு பொய்ப் பளபளப்புக் காட்டும். ஆகவே ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத்தான் மெழுகிடுவோம். அதை எப்போதும் மாமாவே செய்வார். அன்று வேறொரு வாடிக்கையாளர் கூப்பிட, புட்டியை என் கையில் கொடுத்து, "நீயே துடைச்சுப் பார்த்துடு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

யாரும் பார்க்கவில்லை. துடைக்காமலே துடைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பிறகு துடைத்தேன். மங்கல் மீண்டும் வந்து என்னைப் பார்த்தது. "மாமா" என்று கூப்பிட்டேன்.

அவர் திட்டவில்லை. குனிந்து பார்த்தார், விரலால் தடவினார். "எந்த மெஷினு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். மாலையில் பெரியவர் வந்ததும் என்னையே சொல்லச் சொன்னார். என் அரைகுறை இந்தி அன்று முழுவதும் குறையாகிவிட்டது. பெரியவர் பானெட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்போது சரியாகும்?" என்றார். "மூணு நாள், காசு வேண்டாம்" என்றார் மாமா. பானெட் முழுவதையும் தேய்த்து மறுபடி நிறமும் கிளியர் கோட்டும் அடிக்க வேண்டியதாயிற்று. அந்தச் செலவை ஞாயிற்றுக் கூலியில் மாதந்தோறும் கழித்துக்கொள்ளும்படி நானே கேட்டேன், மாமா மறுக்கவில்லை. இரண்டு மாதம் எனக்கு இயந்திரம் இல்லை, வாளியும் தண்ணீரும்தான்.

திருமணத்துக்கு முதல்நாள் கார் போயிற்று. அந்தப் பானெட் மற்றப் பாகங்களைவிடப் பளபளப்பாகவே இருந்தது. ஆனால் அளவுக் கருவியை வைத்தால் மற்ற இடங்களில் 110, 115 என்று காட்டுவது, அங்கே 200ஐத் தாண்டிக் காட்டும். என்றேனும் பெரியவர் காரை விற்கப் போனால், வாங்குபவர் அதை வைத்துப் பார்த்து, 'விபத்தில் அடிபட்ட வண்டியோ?' என்று விலையைக் குறைப்பார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? ஒன்றும் செய்ய முடியாது. கூலியில் கழிக்க முடியாத பாக்கி அது.

சென்ற மாதம் மாமா அந்தச் சுழலும் இயந்திரத்தை மீண்டும் என் கையில் கொடுத்தார். இப்போது மேட்டு வரை வந்தால் டேப் ஒட்டுகிறேன். அதையும் தாண்டி ஒரு கீறல் மிஞ்சினால் விட்டுவிடுகிறேன். சொந்தக்காரரிடம், "இது போகாது ஐயா, போக்கினால் பூச்சுப் போய்விடும்" என்று சொல்கிறேன். இதுவரை ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.