திருமணம் நிகழும் கணம்

நாராயணவனத்தில் வைகாசி மாதத்து விடியற்காலை ஒன்றில், மாந்தோப்பில் போட்ட தென்னங்கீற்றுப் பந்தலின் கீழ் நடந்த ஒரு திருமணத்தில், ஒரே ஒரு படம் எடுக்கப்படாமல் போயிற்று. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்ட திருமணம் அது. எடுக்கப்படாத அந்த ஒன்றைத்தான் மணமகளின் அம்மம்மா முதலில் கேட்டார்.

மணமகள் அவ்வூர்த் தெலுங்குக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மணமகன் காஞ்சிபுரத்துப் பக்கத்துத் தமிழர். இருவரும் சென்னையில் பணிபுரிபவர்கள். தங்களுக்குள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில், சண்டையிடுவது அவரவர் தாய்மொழியில். குளிரூட்டிய மண்டபமும் மின்னும் மேடையும் வேண்டாம், தாத்தாவின் தோப்பிலேயே எளிமையாக நடக்கட்டும் என்று இருவரும் முடிவு செய்தனர். புகைப்படக் கலைஞரைச் சென்னையிலிருந்து வரவழைத்தனர். யாரையும் நிறுத்தி வைத்துப் படம் எடுக்க வேண்டாம், நடப்பது நடக்கட்டும், அதை அப்படியே பதிவு செய்தால் போதும் என்பது அவருக்கு இடப்பட்ட ஒரே நிபந்தனை.

திருமணத்துக்குப் பெயர்பெற்ற ஊர் நாராயணவனம். புத்தூருக்கு அருகில், ஆரணியாற்றங்கரையில் அமைந்தது. ஆகாசராஜனின் மகள் பத்மாவதியைச் சீனிவாசன் மணந்த இடம் இதுவே என்பது தலபுராணம். கல்யாண வேங்கடேசுவரர் என்று இறைவனுக்குப் பெயர் அமைந்ததும் அதனால்தான். அத்திருமணச் செலவுக்கு மணமகன் குபேரனிடம் கடன் வாங்கினான் என்றும், அதன் வட்டி திருமலை உண்டியல் வழியாக இன்னமும் செலுத்தப்படுகிறது என்றும் பக்தர்கள் சொல்வர். திருமணக் கடன் கடவுளையும் விடவில்லை என்பதை எடுத்துக்காட்டித்தான், எளிய திருமணத்துக்கு முதலில் முகம் சுளித்த உறவினர்களை மணமகளின் தந்தை சமாதானப்படுத்தினார்.

இவ்வூர் ஓர் எல்லையும் ஆகும். 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்படும் வரை இப்பகுதி வடஆர்க்காட்டில் இருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது புத்தூரும் திருத்தணியும் அங்கே சென்றன. ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பிற்று. நாராயணவனம் ஆந்திரத்திலேயே நின்றது. 2022 ஏப்ரலில் அது புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. கோடுகள் இவ்வாறு இடம் மாறியபோதும், இரு புறத்து மக்களும் பெண் கொடுப்பதையும் எடுப்பதையும் நிறுத்தவில்லை. ஆகவே தமிழும் தெலுங்கும் கலந்த திருமணம் இங்கே புதுமையன்று. சென்னையிலிருந்து வந்த கலைஞருக்குத்தான் அது புதுமை.

அவர் தம் தொழிலில் தேர்ந்தவர். முதல் நாள் மாலையே வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்தார். கீற்றிடைவெளிகள் வழியே காலை வெயில் எங்கெங்கே விழும், ஓமப்புகை எத்திசையில் செல்லும், குழல்விளக்கின் வெண்மையும் விடியலின் நீலமும் கலந்தால் மஞ்சள் பூசிய முகங்கள் என்ன நிறம் கொள்ளும் என்பனவற்றையெல்லாம் கணக்கிட்டார். முகூர்த்த நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். முகூர்த்தம் என்றால் தாலி. தாலி என்றால் கெட்டிமேளம். நூற்றுக்கணக்கான தமிழ்த் திருமணங்களில் அவர் கண்ட வரிசை அது. அதில் ஐயம் கொள்ள அவருக்குக் காரணம் ஏதுமில்லை.

தெலுங்குத் திருமணத்தின் வரிசை வேறு. மணமக்கள் எதிரெதிரே அமர்வர். நடுவே ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பர். குறித்த முகூர்த்தத்தில், சீரகமும் வெல்லமும் சேர்த்து அரைத்த விழுதை வெற்றிலையில் ஏந்தி, ஒருவர் தலையில் மற்றவர் வைப்பர். ஜீலகர்ர பெல்லம் என்பது அச்சடங்கின் பெயர். பெல்லமும் வெல்லமும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள் என்பது மொழியியல் மாணவர் எவருக்கும் தெரியும். அவ்விழுது தலையில் பட்டதும் திரை விலகும். முறைப்படி மணமக்கள் ஒருவரையொருவர் காண்பது அப்போதுதான். அம்மம்மாவின் கணக்கில் திருமணம் அத்துடன் முடிந்தது. தாலியும் தலம்ப்ராலு எனும் மஞ்சளரிசி பொழிவதும் அதன் பின் வருபவை.

அன்று முகூர்த்தத்துக்குச் சில நிமிடங்கள் முன்பு, கலைஞர் மணமகனின் வலப்புறம் சென்று, தாலி கட்டும் கைகளுக்காக நீண்ட வில்லையைப் பொருத்திக்கொண்டிருந்தார். திரையை ஒரு தடையாகவே அவர் கண்டார். அது விலகியதும் வேலையைத் தொடங்கலாம் என்று காத்திருந்தார். மேளம் கொட்டியது. தாலி எங்கே என்று அவர் கண்கள் தேடின. தாலி இன்னும் தேங்காய்மேல் தாம்பாளத்தில்தான் இருந்தது, அட்சதை பறந்துகொண்டிருந்தது, பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். அவர் திரும்பி வில்லையைத் திருத்திக் குவிப்பதற்குள் திரை மடிக்கப்பட்டுவிட்டது. இரு தலைகளிலும் இரண்டு வெற்றிலைகள் இருந்தன. வைத்த கைகள் இறங்கிவிட்டன.

திருமணம் எந்தக் கணத்தில் நிகழ்கிறது என்ற வினா வேடிக்கையானதன்று. சொல்வதே செயலாகும் கூற்றுகளைப் பற்றி ஜே.எல்.ஆஸ்டின் ஹார்வர்டில் சொற்பொழிவாற்றிய ஆண்டு 1955. அவர் முதலில் எடுத்துக்காட்டியவற்றுள் ஒன்று திருமணச் சடங்கில் மணமக்கள் கூறும் சம்மதச் சொல். அச்சொல் திருமணத்தை விவரிப்பதில்லை, அதை நிகழ்த்துகிறது. அதே 1955-இல் இந்தியாவில் இந்து திருமணச் சட்டம் நிறைவேறியது. அதன் 7-ஆம் பிரிவு, இரு தரப்பில் யாரேனும் ஒருவரின் வழக்கச் சடங்குகளின்படி திருமணம் நடத்தப்படலாம் என்கிறது. அச்சடங்குகளில் ஏழடி வைப்பது அடங்குமாயின், ஏழாவது அடியில் திருமணம் முழுமையடையும் என்றும் கூறுகிறது. 1967-இல் தமிழகம் சேர்த்த 7-அ பிரிவோ, உறவினர் நண்பர் முன்னிலையில் தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவிப்பது, மாலை அல்லது மோதிரம் மாற்றுவது, தாலி கட்டுவது ஆகியவற்றுள் எதையும் ஏற்கிறது. சட்டமே ஒரு கணத்தைக் குறித்துத் தரவில்லை. அந்தந்த வீட்டார் முடிவுக்கு விட்டிருக்கிறது. அந்தப் பொறுப்பைப் புகைப்படக் கலைஞர் மட்டும் தட்டிக் கழிக்க இயலாது. அவர் ஓர் இடத்தில்தான் நிற்க முடியும். ஒரு கணத்தில்தான் விசையை அழுத்த முடியும். எங்கே நிற்கிறார் என்பதே, எது திருமணம் என்பதற்கு அவர் அளிக்கும் விடையாகிவிடுகிறது.

நடந்ததை அவர் விரைவில் உணர்ந்தார். சடங்குகளின் இடைவெளியில் புரோகிதரிடம் தயங்கியபடி கேட்டார்: வெற்றிலையை இன்னொரு முறை வைத்துக் காட்டலாமா? மணமக்கள் உடன்பட்டனர். புரோகிதரும் மறுக்கவில்லை. அம்மம்மா மட்டும் நாற்காலியிலிருந்தபடியே, "பெள்ளி ரெண்டு சார்லு சேஸ்தாரா?" என்றார். கல்யாணத்தை இரண்டு தடவை செய்வார்களா என்று பொருள். குரலில் சினம் இல்லை. எனினும் அதன் பிறகு எவரும் அப்பேச்சை எடுக்கவில்லை. நடிப்பது வேண்டாம், நடப்பதைப் பதிவு செய்தால் போதும் என்று மணமக்கள் இட்ட நிபந்தனையைக் கடைசி வரை காத்தவர், அதைப் பற்றி ஒன்றும் அறியாத அம்மம்மாதான்.

தாலி கட்டும் வேளையில் கலைஞர் சரியான இடத்தில் இருந்தார். அப்போது எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. தமிழ்ச் சமூகங்கள் பலவற்றில் முதல் முடிச்சை மணமகன் இட, மற்ற இரண்டையும் நாத்தனார் இடுவது வழக்கம். தெலுங்கு முறையில் மூன்றையும் மணமகனே இடுவார். முதல் முடிச்சு விழுந்ததும் மணமகனின் தங்கை இயல்பாகக் கை நீட்டினார். புரோகிதர் தலையசைத்துத் தடுத்தார். தங்கையின் கைகள் அந்தரத்தில் நின்றன. மணமகளின் தாய் அக்கைகளைப் பற்றி முன்னே இழுத்து, தெலுங்கில் ஏதோ சொன்னார். இரண்டாவது முடிச்சை மணமகன் இட்டார். மூன்றாவதைத் தங்கை இட்டார். எந்த வீட்டு வழக்கத்திலும் இல்லாத முறை அது. தயங்கி நின்ற கைகளையும் அவற்றைப் பற்றி இழுக்கும் கைகளையும் ஒருங்கே பிடித்த படம், அன்று அவர் எடுத்தவற்றுள் தலையானது. அவருக்குத் தெரிந்த வழக்கம் அங்கே அவரைக் காப்பாற்றிற்று. தெரியாத வழக்கம் சற்று முன்புதான் அவரைக் கைவிட்டிருந்தது.

உணவுக்குப் பின் குழுப்படம் வேண்டும் என்று முதியவர்கள் கேட்டனர். மணமக்களுக்கு அதில் விருப்பமில்லை. வரிசையாக நிறுத்துவது அவர்கள் தவிர்க்க நினைத்த பழைய முறை. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு, தாம் பிறந்த பெயார்ன் பகுதியின் சிற்றூர் ஒன்றை ஆராய்ந்து, உழவர் வாழ்வில் புகைப்படம் நுழைந்த வாயில்களுள் திருமணம் முதன்மையானது என்று 1960-களில் காட்டினார். அங்கே திருமணப் படம் அழகுக்காக எடுக்கப்பட்டதன்று; யார் யாருக்கு யார் என்று குடும்பம் தனக்குத்தானே எழுதிக்கொண்ட ஆவணம் அது. நாராயணவனத்து முதியவர்கள் கேட்டதும் அதையேதான்.

உறவினரை அழைப்பதில் கலைஞர் மறுபடியும் தடுமாறினார். 'அத்தை' என்று அழைத்ததும் மணமகளின் தந்தையின் தமக்கை வந்தார். மணமகனின் தாயும் வந்தார். இரு மொழிக்கும் பொதுவான சொல் அது. தந்தையின் உடன்பிறந்தாளையும் மாமியாரையும் ஒரே சொல்லால் அழைப்பது, முறைமணத்தின் அடிப்படையில் அமைந்த திராவிட உறவுமுறையின் அடையாளம். 'நாத்தனார்' என்றபோது தெலுங்கர் எவரும் அசையவில்லை. அவர்களுக்கு அச்சொல் 'ஆடபடுச்சு'. 'அண்ணி' அவர்களிடம் 'வதின', 'சித்தி' 'பின்னி'. உறவின் சட்டகம் ஒன்று, பெயர்ப்பலகைகள்தாம் வேறு.

அப்போது பந்திப் பக்கமிருந்து கை துடைத்தபடி ஒருவர் எழுந்து வந்தார். அவ்வட்டாரத்தில் பல்லாண்டுகளாகப் புகைப்பட நிலையம் நடத்தி வந்தவர்; பழைய பாணிக்காரர் என்று மணமக்கள் தவிர்த்தவர்; அன்று விருந்தினராக வந்திருந்தார். கலைஞரின் அருகில் நின்று, ஒவ்வோர் உறவையும் முதலில் தெலுங்கிலும் பின்னர் தமிழிலும் அழைத்தார். "இட்டு சூடண்டி, இந்தப் பக்கம் பாருங்க" என்று ஒரே மூச்சில் சொன்னார். இருபது நிமிடங்களில் இரண்டு குடும்பமும் மூன்று வரிசையில் நின்றன. படம் முடிந்ததும் அவர் கலைஞரிடம் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, திரை பிடிக்கிற கல்யாணத்துல திரையோட ஓரத்துல நிக்கணும். அப்பதான் ரெண்டு பக்கமும் தெரியும்."

சில வாரங்கள் கழித்துத் தொகுப்பேடு வந்தது. அதன் முதற்பக்கத்தில் கலைஞர் எடுக்காத ஒரு படம் இருந்தது. மணமகளின் உறவுக்காரச் சிறுவன் ஒருவன் பெண்கள் பக்கத்திலிருந்து கைப்பேசியில் எடுத்தது. கலைஞரே தேடிக் கேட்டுப் பெற்று, வண்ணம் திருத்தி, அங்கே வைத்திருந்தார். தெளிவில்லாத படம். பாதிச் சட்டகத்தைத் திரைத்துணி மறைத்திருந்தது. அதன் மேல் விளிம்புக்கு இரு புறமும் இரண்டு தலைகள்; அவற்றின்மேல் நான்கு கைகள். முன்னே மங்கலாக, மல்லிகை சூடிய ஒரு நரைத்த கொண்டை.

அம்மம்மா நெடுநேரம் அதையே பார்த்தார். பிறகு அந்தக் கொண்டையின்மேல் விரலை வைத்து, "இதி நேனே" என்றார். இது நான்தான்.