சீரோ வாட் நீலம்

மே 4

ஒரத்தநாட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது, "இதுல கெண்டை விடலாமா?" உள்ளே இருப்பவை இரண்டு கோமாளி மீன்கள், ஒரு கல்லில் 'மஷ்ரூம்', இன்னொரு கல்லில் 'ஜோவா'. இரண்டும் பவளத்தின் ஒன்றுவிட்ட உறவு. ஜோவாவின் காம்புகள் பத்து நாளாக நீண்டுகொண்டே போகின்றன, மரநிழலில் விழுந்த நாற்று மாதிரி. மேலே இருக்கும் வெள்ளை எல்இடி போதவில்லை, நீலமும் வேண்டும்.

எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன். "நீலம்தானே சார், இதோ" என்று படுக்கையறைக்குப் போடும் சீரோ வாட் பல்பு ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். தொட்டிக்குள் பார்த்தால் நடுராத்திரி சென்னை பஸ்ஸுக்குள் எட்டிப்பார்த்த மாதிரி இருக்கிறது. அது இழை பல்பு, அதன் ஒளியில் நீலம் கொஞ்சம்தான். மேலே பூசிய சாயம் மற்ற நிறங்களைத் தடுக்குமே தவிர, இல்லாத நீலத்தை எங்கிருந்து கொண்டுவரும்?

மே 7

பவளத்துக்கு நீலம் எதற்கு என்று கேட்டால் கடலிலிருந்து தொடங்க வேண்டும். 1921இல் கப்பலில் போகும்போது சர் சி.வி.ராமனுக்கு ஒரு சந்தேகம்: கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதானா? கையில் இருந்த நிகோல் பட்டகத்தால் நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பை மறைத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் தெளிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்றார். திருவானைக்காவலில் பிறந்தவர், நம் காவிரிக்கரைக்காரர். கூடவே, தண்ணீர் சிவப்பை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடுகிறது. நீலம்தான் ஆழம் வரை இறங்கும். பவளத்தின் உடலுக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசி அந்த நீலத்தில் சமைக்கப் பழகியது. 450 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கம் அதற்கு நல்ல பசி.

மே 11

ஆனால் இடிக்கிறது. மன்னார் வளைகுடாவில் ஒருமுறை கண்ணாடித் தளப் படகில் போயிருக்கிறேன். அங்கே பவளம் இருப்பது பெரும்பாலும் ஓராள், ஈராள் ஆழத்தில். வெள்ளை வெயில் அப்படியே விழுகிறது. தண்ணீரும் லேசான பச்சை. கல்யாண மண்டப நீலம் எங்கும் கிடையாது. அப்படியென்றால் தொட்டிக்காரர்கள் ஏன் நீலத்தைக் கொட்டுகிறார்கள்? பாதி பவளத்துக்காக, மீதி நமக்காக. நீல ஒளி பட்டால் பவளத்தின் சில புரதங்கள் அதை வாங்கிப் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் திருப்பி வீசும். ஒருவகை ஜெல்லி மீனில் இப்படிப்பட்ட பச்சைப் புரதத்தைக் கண்டெடுத்த ஷிமோமுராவுக்கு 2008இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ராத்திரி விருந்தாளி வந்தால் வெள்ளையை அணைத்துவிட்டுக் காட்டலாம். இந்த ஆசை எனக்கும் உண்டு என்று எழுதிவைக்கிறேன்.

மே 13

ஒரு கடைக்காரரிடம் போனில் நீல விளக்கு விசாரித்தேன். "165 வாட்ஸா வாங்குங்க சார், நாளைக்குக் கல் பவளம் வச்சாலும் தாங்கும்" என்றார். வைக்கத்தான் முடியாதே! கல் பவளம் எல்லாமே 2001இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கடல் விசிறியும் கருப்புப் பவளமும்கூட. புலிக்கு என்ன காவலோ அதே காவல். வளர்க்கக் கூடாத ஒன்றுக்கு எதற்கு விளக்கு? மஷ்ரூமுக்கும் ஜோவாவுக்கும் சின்ன எல்இடி பட்டை போதும். 450 நானோமீட்டர் நீலமும் கொஞ்சம் 420 ஊதாவும், டிம்மரோடு. டிம்மர் இல்லாததை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

மே 20

பட்டை வந்து மூன்று நாள். மாட்டியதும் மங்கலாகத் தெரிந்தது. முழு அளவுக்குத் திருகி, காலையிலிருந்து ராத்திரி வரை எரியவிட்டேன். இன்று மஷ்ரூம்கள் வதங்கிய வெற்றிலை மாதிரி சுருண்டு கிடக்கின்றன.

குற்றம் என் கண்ணுடையது. மனிதக் கண்ணுக்குப் பகலில் கூர்மை 555 நானோமீட்டர் பச்சையில். 450க்கு வரும்போது அந்தக் கூர்மையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. எனக்கு மினுக்கட்டாம்பூச்சி, பாசிக்குச் சித்திரை வெயில். செல்போனில் உள்ள லக்ஸ் செயலியை நம்பவும் வழியில்லை. அதுவும் மனிதக் கண்ணை அளவாக வைத்துச் செய்ததுதான். என்னிடம் நீலத்தை அளக்கப் பவளம் ஒன்றுதான் மீட்டர்.

மே 23

நீலத்தை 20 சதவீதத்துக்கு இறக்கினேன். வாரம் 5 ஏற்றுவதாகத் திட்டம். டைமரில் நீலம் காலை பத்துக்கு, வெள்ளை பதினொன்றுக்கு. ராத்திரி ஏழரைக்கு வெள்ளை அணையும், எட்டுக்கு நீலம். கரண்ட் போய் வந்தால் இந்த மலிவு டைமர் நேரத்தை மறந்துவிடுகிறது. இந்த வாரம் மூன்று தடவை திருத்தினேன்.

ஜூன் 6

30 சதவீதம். மஷ்ரூம் விரிந்துவிட்டது. ஜோவாவின் புது மொட்டுகள் குட்டைக் காம்போடு வருகின்றன. அம்மா, "இதென்னடா ஊதாக் கத்தரிக்கா வெளிச்சம், மீனோட கலரே தெரியல" என்றாள். நியாயம்தான். நீலம் மட்டும் எரியும்போது மீனின் ஆரஞ்சும் தெரியாது, கண்ணாடியில் படியும் பாசியும் தெரியாது. பகலில் வெள்ளையும் சேர்ந்தே எரியட்டும்.

ஜூன் 20

35இல் நிறுத்திவிட்டேன், இனி ஏற்றப்போவதில்லை. பாசனக் கால்வாயான புது ஆற்றில் தண்ணீர் வந்து வயல் வேலை தொடங்கிவிட்டது. எலக்ட்ரீஷியன் வயல் மோட்டார் வேலையில் திரிகிறார், ஆளே கிடைக்கவில்லை. அவருடைய சீரோ வாட் பல்பு இப்போது மாட்டுக்கொட்டகையில் எரிகிறது.